அச்சேறும் மூலக்கூறு

கொலாஜன் என்னும் புரதத்தின் மூவிழைச் சுருளை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கோ. நா. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ‘நேச்சர்’ இதழில் விளக்கியபோது இல்லாத வசதி, இன்று மடிக்கணினி வைத்திருக்கும் ஆய்வு மாணவருக்கும் மூலக்கூறுகளைத் திரையில் வரைந்து காட்டும் பைமால் மென்பொருளால் கிடைத்திருக்கிறது. ஆயினும் திரையில் தெரிவதை அப்படியே படம்பிடித்து ஆய்வேட்டில் ஒட்டும் வழக்கம் கைவிடப்பட வேண்டியதே. ஏனெனில் மூன்றரை அங்குல அகலப் பத்தியில் அச்சாகும் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 வீதம் 1,050 படப்புள்ளிகள் அகலவாட்டில் தேவை; அவை குறைந்தால் புரத நாடாவின் வளைவு படிக்கட்டாக உடைந்து, ஹைட்ரஜன் பிணைப்பைக் குறிக்கும் புள்ளிக்கோடும் மங்கிவிடும். ஒளிக்கதிரின் பாதையைக் கணக்கிட்டு நிழல் தீட்டும், பைமாலின் ‘ரே’ கட்டளையை உரிய அகலத்துடன் இட்டு, வெள்ளைப் பின்னணியில், தகவல் இழக்காத பிஎன்ஜி கோப்பாகச் சேமிப்பதற்குப் பெரும்பாலும் சில நிமிடங்களே போதும்.