காலைக் கட்டியவர் யார்?

இராஜபாளையத்து ஆலைத் தொழிலாளிக்கும் திருவில்லிபுத்தூர்க் கைத்தறி நெசவாளிக்கும் கைப்பேசி இன்று ஆடம்பரமன்று. கூலி வந்த செய்தியும் பிள்ளையின் பாடமும் அதன் வழியேதான் வருகின்றன. அரிசி பருப்போடு அதற்கும் மாதந்தோறும் பணம் எடுத்து வைக்கிறது தொழிலாளி குடும்பம்.

2024 ஜூலை 3, 4 தேதிகளில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் கட்டணத்தை உயர்த்தின. போட்டி வந்தால் விலை குறையும் என்று பாடம் சொன்னோர் எங்கே? மூவரும் ஒரே வாரத்தில் ஏற்றுவதற்குப் பெயர் போட்டியா?

தனியார் நிலைத்து நிற்பர் என்றனர். 2018 பிப்ரவரியில் ஏர்செல் திவாலானபோது தமிழகத்தில் தவித்தவர் யார்? மக்களே!

அன்று கட்டணத்தை ஏற்றாதது பொதுத்துறை பி.எஸ்.என்.எல். ஒன்றே. இலட்சக்கணக்கானோர் அதை நாடினர். ஆனால் அதன் நிலை என்ன? ஜியோ 4ஜி தொடங்கியது 2016இல். பி.எஸ்.என்.எல்.லுக்கு அலைக்கற்றை தர மத்திய மந்திரிசபை முடிவெடுத்தது 2019 அக்டோபரில்! நாடெங்கும் 4ஜி தொடக்கவிழா கண்டது 2025 செப்டம்பரில்! இடையில், 2020 ஜனவரியோடு 78,000க்கும் மேற்பட்ட ஊழியர் விருப்ப ஓய்வில் வெளியேறினர். பராமரிப்பு வேலை ஒப்பந்தக்காரர் கைக்குப் போயிற்று.

காலைக் கட்டிவிட்டு, ஓடவில்லையே என்று ஏசுவது என்ன நியாயம்?

பொதுத்துறைக்குக் கருவி கொடு, ஆள் கொடு. ஒப்பந்தத் தொழிலாளிக்கு நியாயமான கூலி கொடு! தோழர்களே, ஆலை வாயிலிலும் தறிக் கூடத்திலும் இக்குரல் ஒலிக்கட்டும்!