புழு தந்த மாத்திரை

சென்ற கோடையில் என் தாயார் தருமபுரிக்குச் சென்று கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு இண்டூர் திரும்பினார். கன்னம் வீங்கியிருந்தது. கையில் ஐந்து நாள் மாத்திரை. அட்டையில் வலி மருந்தோடு செராஷியோபெப்டிடேஸ் என்றும் இருந்தது. விலங்கியல் மாணவன் என்ற மிதப்பில், "இது பட்டுப்புழுவிலிருந்து வந்ததம்மா" என்றேன். மல்பெரித் தழை நறுக்கியே கை காய்த்துப் போனவர் அவர். "நம்ம புழுவா? அப்ப நல்லாத்தான் கேக்கும்" என்று விழுங்கினார்.

நான் சொன்னது பாதி உண்மை. இந்த நொதி புழுவினுடையதன்று. புழுவின் குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவினுடையது. ஜப்பானியர் 1960களில் பிரித்தெடுத்தனர். அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வருவது இதனால்தான் என்பாரும் உளர். அதுவும் தவறு. அதற்கென அந்து தானே சுரக்கும் கொக்கூனேஸ் வேறு இருக்கிறது.

சரி, விழுங்கிய மாத்திரை எங்கே போகிறது? நொதியும் புரதமே. பருப்பைச் செரிக்கும் வயிறு இதை மட்டும் விட்டுவைக்குமா? அதனால்தான் அமிலம் தாக்காத மேற்பூச்சு பூசுகிறார்கள். குடற்சுவரைக் கடக்கிறதா என்று எலிகளுக்கு வாய்வழி கொடுத்துப் பார்த்தனர். 1994இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வில் இரத்தத்திலும் நிணநீரிலும் அது தென்பட்டது.

நண்பர்களே, நாம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். இரத்தத்தில் தென்படுவது வேறு, வீங்கிய கன்னத்தில் போதிய அளவு போய்ச் சேர்வது வேறு. கதிரியக்க அயோடினைப் புரதத்தோடு பிணைத்து, எலியின் கல்லீரல், சிறுநீரகம், மூளை என ஒவ்வோர் உறுப்பாக அளக்கும் முறை உண்டு. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. புரதம் சிதைந்தபின் விடுபட்ட அயோடின் தைராய்டில் சேர்ந்துகொள்ளும். கருவி அதையும் எண்ணும். எண்ணுவது மருந்தையா, அதன் சிதைவையா என்று சொல்லாது. எலியைக் கொன்றபின் இதைப் பிரித்தறியாமல் விடுவது அந்த உயிருக்குச் செய்யும் துரோகம் என்பேன்.

மனிதரிடம் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது வேறுபாடு தெரியவில்லை. எனவே 2011இல் அதை உருவாக்கிய தகேடா நிறுவனமே ஜப்பானில் விற்பனையை நிறுத்திக்கொண்டது. நம் நாட்டிலோ வலி மருந்துகளோடு சேர்த்து இன்றும் விற்கிறார்கள். பயன் உண்டெனில் விற்பவர் நிறுவட்டும். அதுவரை ஏழை நோயாளி ஏன் காசு கொடுக்க வேண்டும்?

நான்காம் நாள் அம்மாவின் வீக்கம் வடிந்தது. மாத்திரையாலா, தானாகவா? மீந்த இரண்டையும் அப்பாவின் பல்வலிக்கென்று அஞ்சறைப் பெட்டிக்கு அருகில் பத்திரப்படுத்தியிருக்கிறார்.