ஓவிய வகுப்பு ஊர் தேடிப் போகட்டும்

டெல்டா கிராமத்துப் பிள்ளையிடம் ஒரு படம் வரையச் சொன்னால் இரண்டு மலை, நடுவே சூரியன், ஓரத்தில் ஒரு தென்னை மரம் வந்துவிடும். அந்த ஊரில் மலையே கிடையாது. எதிரே இருக்கும் வாய்க்காலையும் நாற்றங்காலையும் பார்த்து வரையச் சொல்லித்தர ஆளில்லை.

குறை சட்டத்திலேயே இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 100 பேருக்கு மேல் படித்தால்தான் கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர். சிற்றூர்ப் பள்ளிகள் பல அந்த எண்ணிக்கையை எட்டுவதே இல்லை. தமிழக அரசு 2012இல் நியமித்த பகுதிநேர ஆசிரியர்களோ பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடி வந்திருக்கிறார்கள்.

ஒரு பேருந்தை நடமாடும் ஓவியக்கூடமாக்கி வட்டாரந்தோறும் அனுப்ப வேண்டும். அறிவியலுக்கும் கணிதத்துக்கும் 2022இல் வானவில் மன்றம் தொடங்கி, கருத்தாளர்களைப் பள்ளி பள்ளியாக அனுப்பிய அரசுக்கு இது புதிய வழியல்ல. வண்ணங்கள், தூரிகைகள், லினோ அச்சு எடுக்கும் சிறு எந்திரம் போதும். களிமண்ணை ஊர்க் குளமே தரும். பானை வனைபவரையும் பனையோலை முடையும் பாட்டியையும் அன்றைக்கு ஆசிரியராக உட்கார வைத்து, உரிய மதிப்பூதியம் கொடுக்க வேண்டும். சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கும் வேலை கிடைக்கும்.

ஒரே நாள் வந்து போட்டி வைத்துப் பரிசு கொடுத்துப் போவதில் பயனில்லை. பிள்ளை பிடித்த மண்குதிரை காய்ந்து விரிசல் விட்டால், ஏன் விட்டது என்று கேட்க மறுவாரமும் அதே ஆசிரியர் வர வேண்டும். வரும் நிதிநிலை அறிக்கையில் முதலில் ஒரு மாவட்டத்துக்காவது இதற்குப் பணம் ஒதுக்கட்டும்.