லேபிள் ஒண்ணு, சரக்கு வேற: கேப்டன் டைகர் படம்

2004-ல வந்த 'ப்ளூபெர்ரி'ங்கிற பிரெஞ்சுப் படத்தை ஒருவழியா கடைசி வரைக்கும் பார்த்து முடிச்சேன். வயித்தெரிச்சல் தாங்கல. அதான் இந்தப் பதிவு.

ப்ளூபெர்ரி யாருன்னு கேக்குறவங்களுக்கு: நம்ம கேப்டன் டைகர்தான். கதை சார்லியே, ஓவியம் ஜிரோ. படத்துக்கு எடுத்துக்கிட்ட ரெண்டு ஆல்பமும்தான் தமிழ்ல நம்ம 'தங்கக் கல்லறை'. முழுப்பரீட்சை லீவுல விருதுநகர் வெயில்ல உக்காந்து அதைப் படிச்ச எங்களுக்கு அரிசோனா ஒண்ணும் வெளியூர் இல்லீங்க. அதே பொட்டல், அதே அனல்.

அந்தக் கதையில என்ன இருக்கு? தங்கச் சுரங்கம் தெரியும்னு பீலா விடுற ஒரு எத்தன். அவன் பேச்சை நம்பிக் கிளம்பிடுற ஜிம்மி. நண்பனைத் தேடிப் போற டைகர். துரத்துற கொலைகாரனுங்க. நடுவுல தங்கத் தோட்டாவால சுடுற ஒரு 'ஆவி'. ஒவ்வொருத்தனையும் இழுத்துட்டுப் போறது பொன்னாசை. ஒரு முடிச்சு அவிழ்ந்தா அடுத்தது விழும்.

படத்துல? பேருங்க இருக்கு, சுரங்கம் இருக்கு. கதையைத்தான் காணோம். மூலிகைச் சாறு குடிச்சுட்டு ஹீரோ மயங்குறார். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ்ல நெளியுது, சுழலுது, மின்னுது. க்ளைமாக்ஸே அதுதான். அணுகுண்டுன்னு பத்த வச்சா புஸ்வாணம்!

டைரக்டர் யான் கூனன், பெரு நாட்டு ஷிபிபோ பழங்குடிகளோட மூலிகைச் சடங்குகள்ல ஊறிப் போனவர். நல்ல விஷயம், தாராளமா எடுக்கட்டும். அதைப் பத்தி 2004-லயே தனியா ஒரு டாக்குமெண்டரியும் எடுத்தாரே! அதோட விட்டிருக்கலாம்ல? எங்க டைகர் எதுக்கு?

"சினிமா வேற மீடியம், மாத்தத்தான் செய்வாங்க"ன்னு சில அறிவுஜீவிகள் வருவாங்க. ஐயா, மாத்துறதைப் பத்தி சிவகாசிக்காரங்ககிட்ட சொல்லாதீங்க. ப்ளூபெர்ரியை டைகர் ஆக்கினது யாரு? கலர்ப் படத்தைக் கறுப்பு வெள்ளையில அச்சடிச்சது யாரு? பேரு போச்சு, கலரு போச்சு, மொழியே போச்சு. ஆனா டைகர் டைகராவே இருந்தார், ஏன்னா கதை பத்திரமா வந்து சேர்ந்துச்சு. கூனன்கிட்ட பேரும் இருந்துச்சு, கலரும் இருந்துச்சு, வின்சென்ட் கேசலும் இருந்தார். கதை மேல நம்பிக்கை மட்டும் இல்ல.

"ஓவியர் ஜிரோவே படத்துல தலை காட்டியிருக்காரே"ம்பீங்க. காட்டட்டும். கதை எழுதின சார்லியே 1989-லயே போய்ச் சேர்ந்துட்டார். அவரோட வாரிசுகள் இந்தப் படத்தை ஏத்துக்கல. அந்த ரோஷம் எனக்குப் பிடிச்சிருக்கு.

பட்டாசுக்கு லேபிள் அடிக்கிற ஊர்ப்பக்கம் பொறந்தவன் சொல்றேன்: லட்சுமி வெடின்னு லேபிள் ஒட்டி உள்ளே கம்பி மத்தாப்பு வச்சா, மத்தாப்பு எவ்வளவு அழகா எரிஞ்சாலும் அதுக்குப் பேரு ஏமாத்து வேலை. மத்தாப்புன்னே சொல்லி வித்தா யாரு வேணாம்னா?

'இரும்புக்கை மாயாவி' பேர்ல படம்னு கோடம்பாக்கத்துலயும் அப்பப்ப பேச்சு அடிபடுது. 1972-ல முத்து காமிக்ஸோட முதல் புத்தகமே அதுதான். எடுக்கிற புண்ணியவான் யாரா இருந்தாலும் ஒரே விண்ணப்பம். கரண்ட் ஷாக் அடிச்சா மாயாவியோட உடம்பு மறையலாம், கதை மறையக் கூடாது சாமி!