மருந்து என்னும் பெயர் கொண்ட நஞ்சு

வெயில் ஏறுமுன் மருந்தடித்து முடித்துவிட வேண்டுமென்று விடியற்காலையிலே தோட்டத்துக்குச் சென்ற குடும்பத் தலைவர், பத்து மணியளவில் வீடு திரும்புகிறார். முதுகிலே சுமந்த தாங்கி கசிந்து சட்டை நனைந்திருக்கிறது. மடித்துக் கட்டிய சாரமும் ஈரம். கிணற்றடியிற் காலை மட்டும் அலம்பிவிட்டுத் திண்ணையிலமர்ந்து தேநீர் அருந்துகிறார்; மடியிலிருந்த வெற்றிலையை எடுத்து, அதே கையாற் சுண்ணாம்பு தடவி வாயிலிடுகிறார். கழற்றிய சட்டையை மனைவியார் பிள்ளைகளின் உடுப்புகளோடு சேர்த்து ஊறவைக்கிறார். சின்ன மகள் ஓடிவந்து தந்தையின் மடியில் ஏறிக்கொள்கிறாள்.

வாசகர்களே, வெங்காயமும் மிளகாயும் விளையும் நம் ஊர்களில் இக்காட்சி புதியதன்று. இதில் அஞ்சத்தக்கது யாதென்று கேட்பீர்கள். அக்கேள்வி எழுவதற்குக் காரணம் ஒரு சொல். பூச்சியைக் கொல்லும் நஞ்சுக்கு நாம் ‘மருந்து’ என்று பெயரிட்டிருக்கிறோம். மருந்தென்றால் மனம் அஞ்சுவதில்லை அன்றோ!

இந்நஞ்சுகளிற் பெருவழக்காயிருந்தவை கரிமப் பொசுபரசுச் சேர்வைகள். 1930களில் ஜெர்மனியில் பூச்சிகொல்லி தேடிய கெர்ஹார்ட் ஷ்ராடர் என்னும் இரசாயன அறிஞர், 1936ஆம் ஆண்டில் இக்குடும்பத்தைச் சேர்ந்த ‘தாபுன்’ என்னும் பொருளைக் கண்டறிந்தார். அது வயலுக்கு உதவாத கொடிய போர் நஞ்சாயிற்று. அதன் உறவினங்களே பின்னர் வீரியம் குறைந்த வடிவிற் பயிர்நிலங்களுக்கு வந்தன.

நரம்பு தசைக்கு ஏவலிடும்போது ஓர் இரசாயனப் பொருள் சுரக்கிறது. ஏவல் முடிந்ததும் அதனைச் சிதைத்து அகற்ற ஒரு நொதியம் உண்டு. இந்நஞ்சு அந்நொதியத்தை முடக்கிவிடுகிறது. பூச்சி துடித்து மாள்வது இதனாலேயே. மனிதனுடலில் மிகுதியாய்ச் சேர்ந்தால் வியர்வை பெருகும், வாயில் நீர் ஊறும், கண்மணி சுருங்கும், தசை துடிக்கும், முடிவில் மூச்சும் தடைப்படும். இவ்வாறு நஞ்சேறியவரின் இரத்தத்திற் சர்க்கரை திடீரென ஏறுவதும் உண்டு என்பதை வைத்தியர்கள் அறிவர்.

இது ஒரே நாளில் நிகழும் கேடு. அதை யாவரும் காண்பர். ஆனால் மயங்கி விழாமல், சிறிது தலைவலியோடு வீடு திரும்பி, மறுவாரமும் தாங்கியைச் சுமந்து, இருபது ஆண்டுகள் இவ்வண்ணமே உழைப்பவருக்கு நேர்வது என்ன? இக்கேள்விக்குத்தான் அண்மைக் காலத்து ஆராய்ச்சிகள் விடை தேடுகின்றன.

மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் திருப்பரங்குன்றப் பகுதிக் கிராமங்களில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோரின் இரத்தத்தைச் சோதித்து, 2017ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். பூச்சிகொல்லியோடு நேரடியாகப் பழகியவர்களிடையே நீரிழிவு, பழகாதவர்களிடையே காணப்பட்டதைவிட ஏறத்தாழ மூன்று மடங்காயிருந்தது. இவர்கள் உட்கார்ந்த இடத்தில் இருந்து உடல் பெருத்தவர்களல்லர். வெயிலிலே நின்று உழைப்பவர்கள். உழைக்கும் உடலைச் சலரோகம் அணுகாதென்று நம் ஊரிற் சொல்வதுண்டு. அந்நம்பிக்கையை இது அசைத்துவிடுகிறது.

காரணம் அறிய, அவர்கள் எலிகளுக்கு ‘மொனோகுரோட்டோபொஸ்’ என்னும் பூச்சிகொல்லியை 180 நாட்கள் கொடுத்துப் பார்த்தனர். எலியின் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அந்நஞ்சைச் சிதைத்தன; சிதைவிற் பிறந்த அசற்றிக்கமிலத்தைக் கொண்டு ஈரல் சர்க்கரை செய்தது. அவ்வெலிகளின் குடல் நுண்ணுயிர்களைப் பிற எலிகளுக்கு மாற்றியபோது, அவற்றிலும் சர்க்கரைக் கோளாறு தோன்றியது. இனிப்பை உண்ணாதவர் உடலிலும் சர்க்கரை பெருகக்கூடிய ஒரு வழி இவ்வாறு புலனாயிற்று.

அமெரிக்காவின் அயோவா, வட கரோலைனா மாநிலங்களில் 1993ஆம் ஆண்டு தொடங்கிய பேராய்வு ஒன்றும் இதனையொட்டிய செய்தி தருகிறது. முப்பத்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட மருந்தடிப்போரைப் பற்றி 2008இல் வெளியான முடிவில், ஏழு பூச்சிகொல்லி, களைகொல்லிகள் நீரிழிவோடு தொடர்புற்றிருந்தன. 2014இல், தம் கையால் இவற்றைக் கையாண்ட விவசாயிகளின் மனைவியரிடத்தும் ஐந்து பொருள்கள் அவ்வாறே தொடர்புற்றிருக்கக் காணப்பட்டன. ஆகவே இது ஆண்களின் கவலை மட்டுமன்று.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. தொடர்பு வேறு, காரணம் வேறு. பரம்பரை, உணவு, வயது ஆகியனவும் நீரிழிவை வரவழைப்பன. எலிக்கு நேர்ந்தது மனிதனுக்கும் அப்படியே நேருமென்று சொல்வதற்கில்லை. ஆயினும் வீட்டிலுள்ளோர் விழித்துக்கொள்ள இத்துணைச் சான்று போதும்.

இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. மேற்சொன்ன மொனோகுரோட்டோபொஸ் 1995இலே தடைசெய்யப்பட்டது. டைமெதோயேற், பென்தியொன், பரகுவாற் என்பன 2008ஆம் ஆண்டு முதல் 2011 வரை படிப்படியாக விலக்கப்பட்டன. இத்தடைகள் எண்ணற்ற உயிர்களைக் காத்தன. ஆனால் இவை பெரும்பாலும் விரைந்து கொல்லும் நஞ்சுகளைக் குறித்தவை. மெல்லக் கொல்வதைச் சட்டம் கண்டுபிடிக்கும்வரை, அதற்குக் காவல் இருக்க வேண்டியது இல்லந்தான்.

அக்காவல் பெருஞ்செலவு பிடிப்பதன்று. இந்நஞ்சு உடலிற் புகுவது பெரும்பாலும் தோலின் வழியே. முன்கையைவிட நெற்றியும் தொடையிடுக்கும் அதனை மிகுதியாய் உறிஞ்சும். வெப்பமும் வியர்வையும் அதற்குத் துணை நிற்கும். ஆதலின் கசியும் தாங்கியைத் திருத்தாமல் முதுகில் ஏற்றலாகாது. போத்தலில் உள்ளது செறிந்த நஞ்சாகையால், கலக்கும்போது கையுறை கட்டாயம் வேண்டும். நீண்ட கைச்சட்டையும் காற்சட்டையும் அணிந்து, காற்று முதுகுப்புறமிருந்து வீசும்படி நின்று அடித்தல் வேண்டும். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டு முழுகிய பின்னரே தேநீரும் வெற்றிலையும். குழந்தையைத் தூக்குவதும் அதன் பின்னரே. உடுத்த உடுப்பைத் தனியாகத் துவைத்து, அந்நீர் கிணற்றுக்குத் திரும்பாத தூரத்தில் ஊற்றுக. சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றியது கீழே விரைவிற் சேரும். வெற்றுப் போத்தலை எண்ணெய்க்கோ மண்ணெண்ணெய்க்கோ எடுத்து வைத்தல் ஒருபோதும் கூடாது.

இன்னொன்று. 35 வயது கடந்த தோட்டக்காரர் எவரும் ஆண்டுக்கொரு முறை வெறுவயிற்றில் இரத்தத்தைச் சோதிப்பித்தல் நன்று. அப்போது வைத்தியரிடம், “நான் மருந்தடிப்பவன், இத்தனை ஆண்டாக அடிக்கிறேன், இன்ன மருந்து” என்று சொல்லுதல் வேண்டும். வைத்தியர் கேட்காவிடினும் சொல்லுக. பெயரை நினைவில் வைத்திருப்பது கடினமாயின், போத்தலிலுள்ள பெயரைப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை ஒரு கொப்பியில் எழுதி வரட்டும். எழுத்தறிந்த பிள்ளை தந்தைக்குச் செய்யும் உதவி அது.

நமக்குக் கறியும் சோறும் தரும் கைகள் அவை. அக்கைகளை நாம் குறைகூற எழுதவில்லை. பூச்சி தின்ற பயிரையும் அடைக்க வேண்டிய கடனையும் எண்ணியே அவர் தாங்கியைச் சுமக்கிறார். அவர் வீடு திரும்பும் வேளையிற் கிணற்றடியில் ஒரு சவர்க்காரத் துண்டும் மாற்றுச் சாரமும் காத்திருக்கட்டும். தேநீர் சற்றே ஆறினாலும் ஆறட்டும்.