அழகு சேர்த்தால் போதுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணினி அறிவியல்)

விளையாட்டைப் பற்றி ஆண்டு மலரில் எழுதுவதா என்று சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். அதுவும் கபடியையோ கால்பந்தையோ பற்றியன்று; திரையில் ஓர் உருவம் ஓடிக் குதிக்கும் வீடியோ விளையாட்டைப் பற்றி! எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். "இதற்காகவா உன்னைப் படிக்க அனுப்பினோம்?" என்று என் தாயாரே கேட்கக்கூடும். "இதற்காகவும்தான் அம்மா" என்பதே என் விடை. நாவலைத் திறனாய்வு செய்கிறோம். நாடகத்தையும் திரைப்படத்தையும் அலசி ஆராய்கிறோம். இளைஞர்கள் இரவு பகலாக ஈடுபடும் ஒரு கலையை மட்டும் வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது முறையாகுமா? அதிலும் கணினி அறிவியல் பயிலும் நாம் ஒதுக்கலாமா?

நான் எடுத்துக்கொண்டது ஒரு ரசிகர் தாமாகவே செய்த மறு ஆக்கம். ‘அனதர் மெட்ராய்டு 2 ரீமேக்’ என்பது அதன் பெயர். இதைச் செய்தவர் அர்ஜென்டினா நாட்டைச் சேர்ந்த மில்டன் குவாஸ்டி. கூலி இல்லை, முதலாளி இல்லை. ‘கேம் மேக்கர்’ என்ற மென்பொருளைக் கொண்டு, ஓய்வு நேரத்தில், ஏறக்குறைய பத்தாண்டுக் காலம் உழைத்து, 6.8.2016 அன்று எவரும் இலவசமாக ஆடுமாறு வெளியிட்டார். படம் வரைவதிலும் இசை அமைப்பதிலும் வேறு ஆர்வலர்கள் சிலரும் கைகொடுத்தனர்.

மூலம் எப்படிப்பட்டது?

1986-ஆம் ஆண்டு ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் ‘மெட்ராய்டு’ என்ற விளையாட்டை வெளியிட்டது. மேடைக்கு மேடை தாவிச் சென்று, குகைகளுக்குள் வழிதேடும் ஆட்டம் அது. அதன் நாயகி சேமஸ் ஆரன் என்னும் வீராங்கனை. கவசத்துக்குள் இருப்பவர் ஒரு பெண் என்பதை ஆட்டத்தின் முடிவில்தான் காட்டினார்கள்! அதன் இரண்டாம் பாகம் 1991-இல் ‘கேம் பாய்’ என்ற கையடக்கக் கருவிக்காக வந்தது. அகலத்தில் 160 புள்ளிகள், உயரத்தில் 144 புள்ளிகள், நான்கே நிறச்சாயல்கள். அந்தச் சின்னஞ்சிறு திரைக்குள் ஒரு கோளையே அடைத்துக் காட்டினார்கள்.

கதை எளியது. மெட்ராய்டு என்னும் உயிரினம் அண்டத்துக்கே ஆபத்து என்று கருதப்படுகிறது. அவற்றின் பிறப்பிடமான கோளுக்குச் சென்று, ஒன்று விடாமல் அழித்துவருமாறு சேமஸ் அனுப்பப்படுகிறாள். திரையின் அடியில் ஓர் எண் தெரியும். தொடக்கத்தில் அது 39. ஒன்றைக் கொன்றால் 38. ஒரு பகுதியில் உள்ள மெட்ராய்டுகள் அத்தனையும் மடிந்ததும் நிலம் அதிரும். வழியை மறித்து நின்ற அமிலம் வடியும். இன்னும் ஆழத்துக்குப் போகலாம். கொன்றால்தான் வழி! வரைபடம் கிடையாது. ஒரு குகையைப் போலவே மறுகுகை. சில இடங்களில் பாட்டென்று சொல்ல முடியாத ஏதோ முனகல் மட்டும் கேட்கும். இறுதியில் தாய் மெட்ராய்டையும் கொன்றபின் ஒரு முட்டை பொரிகிறது. வெளிவந்த குஞ்சு சேமசையே தாய் என்று எண்ணிப் பின்தொடர்கிறது. அவள் அதைச் சுடவில்லை. எதிரி ஒருவரும் இல்லாத அமைதியில் இருவரும் மேலே ஏறித் தங்கள் கலத்தை அடைகிறார்கள். ஓர் இனத்தையே அழிக்க வந்தவள், கடைசிக் குழந்தையைக் கையோடு கொண்டுபோகிறாள். முடிவு அவ்வளவுதான். ஒரு சிறுகதைக்குரிய முடிவு அன்றோ இது?

மறு ஆக்கத்தின் சிறப்பு

குவாஸ்டியின் கைவண்ணத்தை முதலில் பாராட்டியே ஆகவேண்டும். இத்தகைய ஆட்டத்தின் உயிர்நாடி குதிப்பதில் இருக்கிறது. பொத்தானை அழுத்துவதற்கும் உருவம் எழும்புவதற்கும் இடையே நூலிழைத் தாமதம் இருந்தாலும் ஆடுபவரின் பொறுமை போய்விடும். இந்த மறு ஆக்கத்தில் குதிப்பும் திரும்புவதும் சுடுவதும் நினைத்தவுடன் நடக்கின்றன. தாவும்போது விளிம்பைப் பற்றிக்கொண்டு மேலேறும் வசதியைத் தொடரின் பிற்கால ஆட்டங்களிலிருந்து எடுத்துப் பொருத்தியிருக்கிறார். திரை விரிந்துவிட்டது. ஒவ்வொரு பகுதிக்கும் தனி நிறம், தனித் தோற்றம். பழைய மெட்டுகள் புதிய இசைக்கோலம் பூண்டுள்ளன. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த ரசிகர் முயற்சிகள் ஏராளம். இங்கே பிள்ளையார் பிள்ளையாராகவே இருக்கிறார். ஆனால் அவர் கழுத்தில் ஏறியிருக்கும் நகைகள்தாம் எனக்கு நெருடுகின்றன.

என் வழக்கு

முதலாவது, வரைபடம். மூலத்தில் வழி தவறுவது இயல்பு. ‘இங்கே முன்பே வந்தோமா?’ என்று திகைத்து நிற்கும் அந்த நிமிடத்தில்தான் அந்நியக் கோளில் தனியாக நிற்கிறோம் என்ற அச்சம் உறைக்கிறது. மறு ஆக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. வசதி பெருகியது, அச்சம் போயிற்று.

இரண்டாவது, இசை. மூலத்தில் அந்த முனகலும் மௌனமுமே பேசின. மறு ஆக்கத்தின் இசை இனிமையானது; தனியே கேட்டாலும் சுவைக்கும். ஆனால் ஓர் இனம் அழிந்துகொண்டிருக்கும் இடத்தில் இனிமைக்கு என்ன வேலை?

மூன்றாவது, குறிப்பேடு. புதிய பகுதிக்குள் நுழைந்தால், இது நீர் நிலையம், இது தொழிற்கூடம் என்று விளக்கம் எழுத்தில் வருகிறது. மூலத்தில் அந்த இடிபாடுகள் வாய் திறக்காமல் நின்றன. யார் கட்டினார்கள், எங்கே போனார்கள் என்று நாமே எண்ணி எண்ணி மனத்துள் ஒரு கதையைக் கட்டிக்கொண்டோம். சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிட்டால் வாசகனுக்கு என்ன மிச்சம்?

நான்காவது, மூலத்தில் இல்லாத பெரிய எதிரிகளும் காவல் இயந்திரங்களும். ஒவ்வொரு சண்டையும் விறுவிறுப்பானதே. ஆனால் மூலத்தில் வேலை ஒன்றே ஒன்று: வேட்டை. அந்த ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது ஏற்படும் சலிப்பும் உறுத்தலும் சேர்ந்துதான் இறுதியில் அந்தக் குஞ்சைக் கண்டதும் நெஞ்சை நெகிழச் செய்கின்றன. இடையிடையே வீர சாகசங்களைச் செருகினால் அந்த உறுத்தல் கரைந்துவிடுகிறது.

இதைச் சொன்னபோது விடுதி நண்பர் ஒருவர் சீறினார். "கருவிக்கு வலு இல்லாததால் வரைபடம் வைக்கவில்லை, வண்ணம் வைக்கவில்லை. அந்த இல்லாமையைப் போய்க் கலை என்கிறாயா?" நியாயமான கேள்வி. புல்லாங்குழலுக்குத் துளைகள் சிலவே. அதனால் அதன் இசை குறைப்பட்டதாகிவிடுமா? படைப்பாளி திட்டமிட்டாரோ இல்லையோ, நம் கைக்கு வந்து சேர்ந்த படைப்பில் அந்த வறுமையும் ஒரு பொருளைத் தருகிறது. அதற்காக எல்லாக் குறைகளையும் போற்று என்று நான் சொல்லவில்லை. உருவம் பெரிதாகவும் திரை சிறிதாகவும் இருந்ததால் எதிரே வருவது தெரியாமல் அடிபட்ட துன்பத்தை நீக்கியது நன்றே. என் அளவுகோல் இதுதான்: கைக்குத் தடையாக இருந்ததைத் தாராளமாகத் திருத்தலாம், மனத்துக்குப் பொருளாக இருந்ததைத் தொடுமுன் பலமுறை எண்ணவேண்டும்.

அப்படி எண்ணிய ஓரிடமும் உண்டு. அந்த அமைதியான முடிவை குவாஸ்டி கலைக்கவில்லை. 2017-இல் நின்டெண்டோ நிறுவனமே, ஸ்பெயின் நாட்டின் மெர்க்குரி ஸ்டீம் குழுவைக் கொண்டு, இதே ஆட்டத்துக்கு ஒரு மறு ஆக்கம் வெளியிட்டது. அதில் குஞ்சு பிறந்தபின் ரிட்லி என்னும் அசுரனுடன் ஒரு மாபெரும் போரைச் சேர்த்தார்கள். உடையவர்கள் மறந்ததை ஒரு ரசிகர் நினைவில் வைத்திருந்தார்! இதைவிடப் பெரிய பாராட்டை அவருக்கு என்னால் வழங்க முடியாது.

சட்டமும் ஆர்வமும்

வெளியான சில நாட்களுக்குள் நின்டெண்டோவின் பதிப்புரிமை அறிவிப்பு வந்தது. ஆட்டத்தை வழங்கிய இணைப்புகள் நீக்கப்பட்டன. பாத்திரமும் பெயரும் நிறுவனத்தின் உடைமை. சட்டப்படி அதற்கு உரிமை உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் சட்டம் அனுமதிப்பதெல்லாம் அறிவுடைமை ஆகிவிடுமா? ‘செகா’ நிறுவனம் வேறு வழியில் நடந்தது. தன் ‘சோனிக்’ ஆட்டத்தின் மேல் பற்றுக்கொண்டு தாமே முயன்று பார்த்த கிறிஸ்டியன் வைட்ஹெட் என்ற ஆஸ்திரேலிய இளைஞரை அழைத்து வேலை கொடுத்தது. அவரும் பிற ரசிகர்களும் சேர்ந்து படைத்த ‘சோனிக் மேனியா’ 2017-இல் வெளிவந்து பெரும் பாராட்டைப் பெற்றது. குவாஸ்டியின் உழைப்பும் வீண்போகவில்லை. 2020-இல் வெளிவந்த ‘ஓரி அண்ட் த வில் ஆஃப் த விஸ்ப்ஸ்’ என்ற புகழ்பெற்ற ஆட்டத்தில் அவர் பணியாற்றினார்.

இன்னும் பின்னோக்கிப் பார்ப்போம். 1990-இல் அமெரிக்காவில் ஜான் கார்மாக், டாம் ஹால் என்ற இரு இளைஞர்கள் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3’ ஆட்டத்தின் முதல் கட்டத்தைச் சாதாரணக் கணினியில் ஓரிரவில் செய்து காட்டினார்கள். அதற்கு அவர்களே ‘பதிப்புரிமை மீறல்’ என்று வேடிக்கையாகப் பெயர் சூட்டினார்கள்! நின்டெண்டோ ஏற்கவில்லை. ஆனால் அந்தப் பயிற்சியிலிருந்து ‘கமாண்டர் கீன்’ என்ற சொந்த ஆட்டம் அதே ஆண்டில் பிறந்தது. மூன்றாண்டுகள் கழித்து ‘டூம்’ பிறந்தது. பிறருடையதைத் திரும்பச் செய்தவர்கள் தமக்குரியதைச் செய்யக் கற்றார்கள்.

நமக்கு என்ன?

இங்கேதான் நண்பர்களே, நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். நகல் எடுப்பதற்கும் மறு ஆக்கம் செய்வதற்கும் என்ன வேறுபாடு? நகல் எடுப்பவனுக்கு மூலம் புரியவேண்டியதில்லை. மறு ஆக்கம் செய்பவன் ஒவ்வொரு வரியிலும் ‘இது ஏன் இப்படி இருக்கிறது?’ என்று கேட்டுத் தீரவேண்டும். மூத்த மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். இறுதியாண்டில் செய்யவேண்டிய புராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கும் வழக்கமும் மாணவரிடையே இருக்கிறது. அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது? என்னைப் போன்றோர் வீட்டில் அது பெற்றோரின் பல நாள் கூலி. அந்தப் பணத்தைக் கொடுத்து அறியாமையை விலைக்கு வாங்குவதைவிடக் கொடுமை உண்டா? எவரும் கேட்காமலே பத்தாண்டு உழைத்த ஒருவரை நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். இரண்டாம் ஆண்டிலேயே ஒவ்வொரு மாணவரும் ஒரு பழைய, சிறிய ஆட்டத்தையோ கணக்குச் செய்நிரலையோ தம் கையால் மறு ஆக்கம் செய்யட்டும். கூடவே இரண்டு பக்கம் எழுதித் தரட்டும்: எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன், எதைத் தொடாமல் விட்டேன், ஏன் விட்டேன்? அந்த இரண்டு பக்கத்தைக் கடையில் விற்க முடியாது. ஆய்வகத்தில் இருக்கும் பழைய கணினிகளே இதற்குப் போதும்.

முன்னோர் தந்ததைப் புதுக்கும் பொறுப்பு நம் தலைமுறைக்கு உண்டு. விளையாட்டாயினும் மென்பொருளாயினும், பழையதன்மேல் கைவைக்கும் முன் அதன் உள்ளே ஓடும் உணர்வை அறிந்துகொள்வோம். அறிந்தபின் அஞ்சாமல் திருத்துவோம். அழகு சேர்ப்பவர் பலர் இருக்கிறார்கள். பொருள் காப்பவர்களாக நாம் இருப்போம்!