தோல் குறிக்கும் தேதி

"எலும்பு ஒடைஞ்சா அன்னைக்கே ஆபரேஷன் பண்ணிடணும். நாள் கடத்துறான்னா பில்லை ஏத்துறான்னு அர்த்தம்."

மாடம்பாக்கத்தில் என் அக்கா கணுக்காலை முறித்துக்கொண்ட இரவு, ஆஸ்பத்திரி வராண்டாவில் இதைச் சொல்லாத உறவினர் இல்லை. அகரம்தென் சாலையில் மழைத்தண்ணீர் மூடியிருந்த பள்ளத்தில் ஸ்கூட்டி விழுந்திருந்தது. கணுக்காலில் உள்பக்கமும் வெளிப்பக்கமும் முறிவு. பாதம் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. கேஷுவாலிட்டியிலேயே ஊசி போட்டு, பாதத்தை இழுத்து நேராக்கி, மாவுக்கட்டு போட்டார் டாக்டர். "வீக்கம் வடியட்டும். எட்டுப் பத்து நாள் ஆகும்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அவர் எங்கள் வீட்டாருக்குத் திருடனாகிவிட்டார்.

இந்தச் சந்தேகம் நம் ஊரில் கால்களைக் கெடுக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் உள்கணுக்கால் மேட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். தொடையில் எலும்பைத் தொட வேண்டுமானால் கனத்த தசையைத் தாண்ட வேண்டும். இங்கே தோலுக்கு அடியிலேயே எலும்பு. முறிந்த சில மணி நேரத்தில் ரத்தமும் நீரும் கோத்துக்கொண்டு அந்த மெல்லிய தோல் விண்ணென்று இறுகி மினுங்கும். அடுத்த ஓரிரு நாளில் கொப்புளங்கள் எழும்பலாம். சிலவற்றில் தெளிந்த நீர். சிலவற்றில் ரத்தம் கட்டி நாவல்பழ நிறம். ரத்தக் கொப்புளம் என்றால் தோல் இன்னும் ஆழமாகக் காயப்பட்டிருக்கிறது. அந்தத் தோலைக் கீறி, பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்துவிட்டு மூடப் பார்த்தால் தையலின் இரு விளிம்புகளும் சிரமப்பட்டுத்தான் சேரும். விளிம்பு கருகும், புண் வாய் திறக்கும், சீழ் பிளேட் வரைக்கும் இறங்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்கு இதுதான் நடந்தது. வீங்கிய காலோடு மறுநாளே ஆபரேஷன் வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தார்கள். ஒரு தனியார் ஆஸ்பத்திரி இணங்கியது. மூன்றாவது வாரம் பார்க்கப் போனேன். பிரிந்த தையலுக்கு நடுவே பிளேட் பளபளத்தது. பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்பாவின் மேல் உள்ள பாசத்தில்தான் அவசரப்பட்டார்கள்.

மருத்துவ உலகமும் இதை அடிபட்டுத்தான் கற்றது. உயரத்திலிருந்து விழுந்து கால் எலும்பின் அடிப்பகுதி நொறுங்கும்போது உடனே பிளேட் வைத்த காலத்தில் தோல் அழுகல் பெருந்தொல்லையாக இருந்தது. 1999-ல் அமெரிக்காவில் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் வேலையை இரண்டாகப் பிரித்துக் காட்டின. முதலில் காலுக்கு வெளியே கம்பி பொருத்தி எலும்பை அசையாமல் நிறுத்துவது. வீக்கம் வடிந்தபின் பிளேட். நம் ஊர் வார்டுகளில் சிலருடைய காலில் துருத்திக்கொண்டு நிற்கும் கம்பிகள் அந்தப் பாடத்திலிருந்து வந்தவை.

2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' நல்ல திட்டம். விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. அந்த எண்ணைக் காட்டி, "நாப்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ள பிளேட் வச்சாகணும்" என்று எங்கள் மாமா ஒருவர் வாதாடினார். அது செலவுக்கான கணக்கு. எலும்புக்கு அந்தத் திட்டம் கெடு எதுவும் வைக்கவில்லை.

சீக்கிரம் செய்வதே தவறு என்று சொல்ல வரவில்லை. வீக்கம் ஏறுவதற்கு முன்பே தியேட்டர் கிடைத்தால் அன்றைக்கே செய்யலாம். பிரிட்டன் எலும்பு மருத்துவர்களின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் அறுபது வயதுக்குக் கீழே பெரும்பாலோருக்கு அன்றோ மறுநாளோ செய்யச் சொல்கிறது. இரண்டு மூன்று வாரம் தாண்டினால் முறிந்த முனைகள் இடம் மாறியபடியே ஒட்டத் தொடங்கும், பிரித்துச் சேர்ப்பது கடினமாகிவிடும். ஆகவே தோலுக்காகக் காத்திருப்பது வேறு, காப்பீட்டு அனுமதித் தாளுக்காகவும் தியேட்டர் காலியில்லாமலும் காத்திருப்பது வேறு. இரண்டாவதற்குக் கோபப்படுங்கள், கேள்வி கேளுங்கள். ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கக் கூடாதவையும் உண்டு. பாதம் இடம் விலகியிருந்தால் உடனே நேராக்க வேண்டும். தோல் கிழிந்து எலும்பு தெரிந்தால் கிருமிக்கொல்லி மருந்து உடனே ஏற வேண்டும், காயத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். விரல்கள் வெளுத்தாலும் மரத்தாலும் ராத்திரியென்றும் பாராமல் டாக்டரை எழுப்புங்கள்.

பொறுமை இழந்த குடும்பங்கள் அடுத்து எங்கே போகின்றன என்பதுதான் என் பெரிய கவலை. "பத்து நாளா? புத்தூர் கட்டுக்குப் போயிடலாம் மச்சான்." எங்கள் வராண்டாவிலும் கேட்ட குரல் அது. வீங்குகிற காலை மூங்கில் பத்தைக்குள் இறுக்கினால் ரத்த ஓட்டமே தடைபடலாம். மூட்டுக்குள் போன முறிவைக் கைத்தடவலில் மட்டும் துல்லியமாகச் சேர்ப்பதும் நடக்காத காரியம். கணுக்காலுக்குள் இருக்கும் எலும்பு ஒரே ஒரு மில்லிமீட்டர் வெளியே நகர்ந்தாலும் மூட்டில் எலும்புகள் ஒன்றோடொன்று தொடும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைகிறது என்று 1976-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். பிறகு வருவது தேய்மானமும் ஆயுள் முழுக்க வலியும்.

அக்கா அந்த நாட்களைச் சும்மா கழிக்கவில்லை. கால் நெஞ்சுக்கு மேலே உயரும்படி மூன்று தலையணை, மணிக்கொரு முறை விரல்களை மடக்கி நீட்டல், சர்க்கரைப் பரிசோதனை. எட்டாம் நாள் டாக்டர் கட்டைப் பிரித்து, பாதத்தை மெல்ல மேலே மடக்கினார். காய்ச்சிய பாலின் ஆடையை ஊதினால் சுருங்குமே, அப்படிக் கணுக்காலின் முன்பக்கத்தில் மெல்லிய சுருக்கங்கள் விழுந்தன. எங்களைக் கூப்பிட்டு அதைக் காட்டினார்.

"நாளைக்குக் காலையில முதல் கேஸ். ராத்திரி பத்து மணிக்கு மேல ஒண்ணும் சாப்பிடாதீங்கம்மா."